வடம் தொட்டவர்கள்

இந்தக் கதையைக் கேட்டால் இரண்டு பேருக்குக் கோபம் வரும். எங்கள் ஊர் வழக்கத்தைப் பற்றிப் பேச நீ யார் என்பவருக்கு ஒரு கோபம். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கிடையாது என்பவருக்கு இன்னொரு கோபம். வரட்டும். கோபம் வந்தால்தான் சிலருக்குத் தூக்கம் கலைகிறது.

குரத்தி என்றால் பெண் குரு. இந்தக் குரத்தியாருக்குத் தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. சீடர் நேமியாருக்கோ நரைக்காத முடி ஒன்றுகூட இல்லை. போகிற ஊரிலெல்லாம் ஜனங்கள் அவரைக் குரு என்று எண்ணி அவர் காலில் விழுவார்கள். அவர் பதறிப்போய் விலகுவார். குரத்தியார் சிரித்துக்கொண்டு நிற்பார்.

நேமியார் லேசுப்பட்டவர் அல்ல. தலைநகரத்து நீதி அவையில் வீற்றிருந்தவர். நாலு நாட்டுச் சட்டமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பதவியை உதறிவிட்டுக் குரத்தியாரின் பின்னால் நடக்கத் தொடங்கினார். அவர் பதவியை விட்டாரே ஒழிய, சட்டம் அவரை விடவில்லை. வழியில் எந்த ஊரைக் கண்டாலும் அந்த ஊர்ச் சட்டம் என்ன என்று விசாரிப்பார்.

கல்மடை என்ற ஊருக்குள் அவர்கள் நுழைந்தபோது தெருவில் தேர்வடம் நீளக் கிடந்தது. இரண்டு பேர் குத்தவைத்து அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"தேர்த் திருவிழாவா?" என்று கேட்டார் நேமியார்.

"தேரு பங்குனியில சாமி" என்றான் ஒருவன், தலையைத் தூக்காமலே. "இன்னைக்கு ஆளு."

"ஆளா?"

"பூதன்னு ஒருத்தன். சாயங்காலம்."

ஊர்ப் பெரியவர் சேந்தனார் வந்து வணங்கினார். விவரம் சொன்னவரும் அவர்தான். வாய்க்கால் தண்ணீருக்குத் தகராறு. பூதன் மண்வெட்டியால் காடனை மண்டையில் அடித்துவிட்டான். காடனை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மனைவி கொற்றியின் மடியில் அவன் உயிர் போயிற்று. பூதன் ஒளியவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"எங்க ஊர்ல கொல்றதுக்குன்னு தனியா ஆளு வச்சிக்கிறதில்ல சாமி" என்றார் சேந்தனார். குரலில் பெருமை இருந்தது. "கழுத்துல சுருக்கு மாட்டி ஊரே வடம் புடிக்கும். வீட்டுக்கு ஒருத்தர் கை வைக்கணும். ஊர் கூடி இழுத்த பாவம் யாரையும் ஒட்டாது பாருங்க."

"கை வைக்காத வீடு?" என்றார் குரத்தியார்.

"அந்த வீட்டுக்குத் தண்ணி கிடையாது."

"தடுக்கிறவருக்கு?"

"அவங்க கழுத்துக்கு வடம். அதுவும் வழக்கந்தாம்மா."

சொல்லிவிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். குரத்தியார் வேண்டாம் என்றார். நேமியார் வாங்கிக் குடித்தார்.

சேந்தனார் போன பிறகு நேமியார் மெல்ல ஆரம்பித்தார். "தாயே, வெயில் ஏறுமுன் கிளம்பிவிடலாம்."

"ஏன்?"

"பார்க்க நன்றாக இருக்காது."

"பார்க்காமல் போனால் நன்றாக இருக்குமா?"

"அப்படி இல்லை. இது அவர்கள் வழக்கம். வடக்கே ஒரு நாட்டில் கொலைக்கு ஈடாக மாடு வாங்கிக்கொள்கிறார்கள். கடலோர நாட்டில் கொன்றவனைக் கட்டுமரத்தில் கட்டி அலையில் விடுகிறார்கள். எங்கள் அவையில் வாள். இங்கே வடம். அவரவர்க்கு அவரவர் சரி. ஒரு நாட்டு மரக்காலால் இன்னொரு நாட்டு நெல்லை அளந்து, குறைகிறது என்று சண்டை போட முடியுமா?"

நல்ல பேச்சுதான். அவையில் இதைச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

"அவரவர்க்கு அவரவர் சரி" என்று குரத்தியார் திரும்பச் சொன்னார். "பூதனுக்கு?"

"பூதனும் கல்மடைக்காரன்தானே. அவனுக்கும் இதுதான் வழக்கம்."

"கேட்டீரா?"

நேமியார் விழித்தார். இத்தனை வருஷத்தில், தீர்ப்புக்கு ஆளானவனிடம் சட்டம் சரிதானா என்று அவர் யாரையும் கேட்டதில்லை.

பூதனைத் தேர்க்கொட்டகையில் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். காவலுக்கு இருந்தவன் குரத்தியாரைக் கண்டதும் எழுந்து ஒதுங்கினான்.

"காடனைக் கொன்றது நீதானா?"

"நாந்தாம்மா." பூதனின் குரல் கரகரத்தது. "ஆத்திரத்துல மம்பட்டியத் தூக்கிட்டேன். எறக்கினது எனக்கே தெரியல. தெரியலன்னு சொன்னா ஆச்சா? அவன் பிள்ளைங்களைப் பாக்கவே எனக்கு மூஞ்சியில்ல."

"ஊர் உனக்குச் செய்யப்போவது சரியா?"

பூதன் கொஞ்சம் யோசித்தான்.

"நேத்து வரைக்கும் சரியாத்தான் தெரிஞ்சுது."

நேமியாருக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்கு அவரே வெட்கப்பட்டார்.

"நீயும் வடம் பிடித்திருக்கிறாயா?"

"புடிச்சிருக்கேன். ரெண்டு மூணு தடவை."

"இழுத்தாயா?"

பூதன் காவல்காரனைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சும்மா தொட்டுக்கிட்டு நின்னேம்மா. இழுத்தது மத்தவங்க."

குரத்தியார் வெளியே வந்து பிச்சைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். "வாரும், பிச்சைக்குப் போவோம்."

கல்மடைப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. துறவியின் பாத்திரத்தின் மேல் கை வைத்துப் பொய் சொன்னவர் வீட்டில் உலை கொதிக்காது. வெட்டு குத்துக்குத் துணிந்தவன்கூட அதற்குத் துணிய மாட்டான். குரத்தியார் முதல் வீட்டில் நின்றார். அரிசியோடு வந்த குயவரிடம், "அரிசி வேண்டாம். இதில் கை வைத்து ஒன்று சொல்லும். போன தடவை வடத்தை இழுத்தீரா?" என்றார்.

குயவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பாத்திரத்தில் கை வைத்தார். "தொட்டேன் தாயி. இழுக்கல. இழுக்கிறவங்கதான் அத்தனை பேரு இருக்காங்களே, நான் ஒருத்தன் இழுத்தா என்ன இழுக்காட்டி என்ன?"

அடுத்த வீட்டு எண்ணெய்க்காரர் பெண்டாட்டி, "தோள்பட்டை வலின்னு சொல்லி மெதுவாப் புடிச்சேன்" என்றாள். அதற்கடுத்த வீட்டில் ஒரு முரட்டு ஆள் இருந்தான். மாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிறவன். அவன் கண் கலங்கிவிட்டது. "எல்லாருக்கும் முன்னாடி நின்னவன் நாந்தான். எம்மேலதான் எல்லாருக்கும் நம்பிக்கை. ஆனா நான் இழுக்கலம்மா. பல்லைக் கடிச்சிக்கிட்டு இழுக்கிற மாதிரி நின்னேன்."

இப்படியே தெரு முழுக்க. ஒருத்தி தன் கையில் மருதாணி காயவில்லை என்று விரல் நுனியால் தொட்டாளாம். ஒரு கிழவர், வடத்தைத் தன் பக்கம் இழுக்காமல் எதிர்ப்பக்கம் தள்ளினாராம், ஒரு உயிருக்கு ஒரு நொடியாவது கிடைக்கட்டும் என்று. ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே இந்தத் திருட்டுத்தனம் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். சொல்லி முடித்ததும், "வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தாயி" என்றார்கள்.

கடைசியாகச் சேந்தனார் வீடு. அவர் கை வைக்கத் தயங்கினார். பிறகு வைத்தார். "இழுக்கச் சொல்லி நான் வெள்ளைத் துணியை அசைப்பேன். அவ்வளவுதான். வடத்துக்கிட்டயே போக மாட்டேன். எங்கப்பாவும் அப்படித்தான்."

பாத்திரம் காலியாகவே இருந்தது. நேமியாருக்குப் பசித்தது.

"தாயே, யாருமே இழுக்கவில்லை என்கிறார்கள். ஆனால் ஆள் மேலே போயிருக்கிறான். போன தடவையும், அதற்கு முந்தின தடவையும்."

"ஆமாம்."

"எப்படி?"

"ஆளுக்குக் கொஞ்சம் தொட்டிருக்கிறார்கள்" என்றார் குரத்தியார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. துறவிக்குக் கோபம் ஆகாது என்பார்கள். ஆகாதவை எத்தனையோ நடக்கின்றன, இதுவும் நடந்தது.

சாயங்காலம் ஊர் மந்தையில் கூடியது. இரண்டு கல்தூண், மேலே ஒரு உத்திரம், உத்திரத்தில் கிணற்று ராட்டினம். தேர்வடத்தின் நுனியில் தாம்புக்கயிற்றை முடிந்து, ராட்டினத்தின் வழியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் கீழே பூதன். கழுத்தில் சுருக்கு ஏறிவிட்டது. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. வடத்தின் இருபுறமும் வீட்டுக்கு ஒருவராக ஊரே நின்றது.

சேந்தனார் வெள்ளைத் துணியைக் கையில் எடுத்தார்.

குரத்தியார் நடந்துபோய் அவருக்கும் வடத்துக்கும் நடுவில் நின்றார்.

"ஒன்று கேட்கவேண்டும்" என்றார். கத்தவில்லை. ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. "இழுக்கப்போகிறவர்கள் மட்டும் வடத்தில் நில்லுங்கள். தொடப்போகிறவர்கள் கையை எடுத்துவிடுங்கள்."

யாரும் அசையவில்லை. எல்லோரும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்கள்.

"அம்மா!" சேந்தனார் குரல் உயர்ந்தது. "தடுத்தா என்னன்னு காலையிலேயே சொன்னேன்."

"என் கழுத்துக்கு வடம் என்றீர். போடும்." குரத்தியார் தலைத்துணியை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். "போடத்தான் ஒரு ஆள் வேண்டும். ஊர் என்று சொல்லாதீர். ஊருக்குக் கை கிடையாது. பெயர் சொல்லும். யார்?"

 நேமியாருக்கு, ஓடிப்போய்க் குரத்தியாரை இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் கால் வரவில்லை. அந்தக் கணம் அவர் வாழ்க்கையிலேயே மிகவும் பயந்த கணம்.

சேந்தனார் வரிசையைப் பார்த்தார். குயவரைப் பார்த்தார். குயவர் தரையைப் பார்த்தார். முரட்டு ஆளைப் பார்த்தார். அவன் முதலில் கையை எடுத்தான். அவன் எடுத்ததும் அவனை நம்பி நின்றவர்கள் எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு வீடாக. வடம் பொத்தென்று மண்ணில் விழுந்தது.

"அப்ப எம்புருசன் நாயா?"

கொற்றி. காடனின் மனைவி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தலை விரிந்து கிடந்தது.

"நியாயம் வாங்கித் தர்றோம்னு சொன்னீங்களே, எங்க போச்சு அந்த வாயெல்லாம்? எல்லாரும் கையைத் தொடைச்சிக்கிட்டா நான் எங்க போறது? யாரும் வேணாம். நான் இழுக்கிறேன்."

வடம் அவள் பிடிக்கு அடங்கவில்லை. முன்னால் போய்த் தாம்புக்கயிற்றைப் பிடித்தாள். குரத்தியார் அவளைத் தடுக்கவில்லை. விலகி வழிவிட்டார். நேமியாருக்கு அது புரியவே இல்லை.

கொற்றி இழுத்தாள். தண்ணீர் இறைத்து உரமேறிய கை அது. ராட்டினம் கிறீச்சிட்டது. பூதனின் குதிகால் மண்ணைவிட்டு எழும்பியது. பெருவிரலில் நின்றான். இன்னும் இழுத்தாள்.

"யாராச்சும் வாங்களேன்!" என்று அலறினாள். "ஒரு கை குடுங்களேன்!"

ஒருவரும் வரவில்லை. இப்போது ஒருவர் போய்ப் பிடித்தால் அவர் தொட்டவர் ஆகமாட்டார். இழுத்தவர் ஆகிவிடுவார். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது பூதனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சும் இல்லை, அழுகையும் இல்லை. தண்ணீருக்குள் முங்கியவன் மூச்சு விடுவதுபோல ஒரு இழுப்பு.

கொற்றியின் கை அப்படியே நின்றது. அவளுக்குத் தெரிந்த சத்தம் அது. அவள் மடியில் கிடந்து காடன் எழுப்பிய சத்தம்.

கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. பூதன் சுருண்டு விழுந்தான். முரட்டு ஆள் பாய்ந்துபோய்ச் சுருக்கைத் தளர்த்தினான்.

கொற்றி பூதனின் பக்கத்தில் போய் நின்றாள். அவன் இருமி இருமி மூச்சு வாங்கினான்.

"உன்னை நான் மன்னிக்கல" என்றாள். "என் கட்டை வேகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். இந்தச் சத்தத்தை இன்னொரு வாட்டி என்னால கேக்க முடியாது. அவ்வளவுதான்."

பிறகு குரத்தியார் பக்கம் திரும்பினாள். நன்றி எதுவும் சொல்லவில்லை. காறித் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள். குரத்தியார் அவள் போன திசையைப் பார்த்துக் கைகூப்பினார். அன்று அவர் கும்பிட்டது அவள் ஒருத்தியைத்தான்.

பூதனை மறுபடியும் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அவனை என்ன செய்வது என்று ஊருக்குத் தெரியவில்லை. அவன் வயலையும் அவன் பங்குத் தண்ணீரையும் கொற்றியின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று ஒரு குரல் கேட்டது. அவனை ஆயுசுக்கும் ஊர் வேலைக்குக் கட்டிப்போட வேண்டும் என்று இன்னொரு குரல். முதல் தடவையாக அந்த ஊரில் ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள்.

சேந்தனார் மட்டும் குரத்தியாரை விடவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

"எங்க பாட்டன் பூட்டன் காலத்து வழக்கத்தை ஒரு பொழுதுல கெடுத்துட்ட. தலைநகரத்துல என்ன வாழுதாம்? அங்க வாளால சீவுறாங்களே, அங்க போயிக் கேளு பாப்போம். அங்க கேட்டா தலை போயிடும். அதனால இளிச்சவாய் ஊரு எதுன்னு பாத்து வந்திருக்க."

"நியாயமான கேள்வி" என்றார் குரத்தியார்.

"பதில் சொல்லு!"

"சொல்கிறேன். இங்கே இல்லை."

இரண்டு பேரும் ஊரைவிட்டு நடந்தபோது பின்னாலிருந்து கல் வந்தது. ஒன்று குரத்தியாரின் நெற்றியில் பட்டது. எறிந்தவர் யார் என்று தெரியவில்லை. அவரும் சும்மா எறிந்தேன், குறிபார்க்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

ஊர் எல்லை தாண்டியதும் நேமியார் தன் மேல்துண்டைக் கிழித்துக் கொடுத்தார். குரத்தியார் நெற்றியில் கட்டிக்கொண்டார். நடையைத் தொடர்ந்தார்கள். பேசாமல் இருக்க நேமியாரால் எத்தனை நேரம் முடியும்?

"சேந்தனார் கேட்டதில் நியாயம் இருக்கிறது, தாயே."

"இருக்கிறது."

"எந்த உரிமையில் அவர்கள் வழக்கத்தில் நாம் தலையிட்டோம்?"

 பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலது பாதை மலைமேல் மடத்துக்குப் போவது. குரத்தியார் இடது பக்கம் திரும்பினார்.

"தாயே, அது மடத்துக்குப் போகிற வழி இல்லை."

"தெரியும்."

"அது தலைநகரத்துக்குப் போகிற வழி."

"அங்கே போய்க் கேட்கச் சொன்னாரே. போகிறேன்."

நேமியார் பாதை நடுவில் நின்றுவிட்டார். கழுத்தைத் திறந்து காட்டிய அந்தக் காட்சி மறுபடி கண்ணில் ஓடியது. இந்தத் தடவை எதிரில் நிற்பவர்கள் கல்மடைக்காரர்களாக இருக்க மாட்டார்கள்.

"வேண்டாம்" என்றார். "அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது. இது காட்டுமிராண்டித்தனம்."

காலையில் அவரவர்க்கு அவரவர் சரி என்றவர் இவர்தான். தன் வீட்டு வாசலுக்குப் பேச்சு வந்ததும் மரக்கால் எங்கிருந்தோ வந்துவிட்டது.

"அங்கே சாட்சி உண்டு" என்று அடுக்கினார். "விசாரணை உண்டு. நூல் உண்டு. மன்னர் முத்திரை உண்டு. கூட்டம் கூடி ஆளைத் தூக்குவது கிடையாது. எல்லாம் ஒழுங்கு. நானே எத்தனை கொலைத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன், தாயே. ஒரு நாளாவது வாளைத் தொட்டிருப்பேனா?"

குரத்தியார் நின்றார். திரும்பி அவரைப் பார்த்தார். கட்டிய துணியையும் மீறி இரத்தம் புருவத்தில் இறங்கியிருந்தது.

"கல்மடைக்காரர்கள் தொடவாவது செய்தார்கள், நேமியாரே."